முட்டை இடது தட்டில்

புது மருமகள் வந்திருக்கும் வீட்டில், கோழி முட்டையிடாமல் போனாலும் கிணற்றுக் கயிறு அறுந்தாலும் யாரும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

சின்னவள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம். அதற்குள் இரண்டு முறை கேக் செய்தார்கள். இரண்டு முறையும் கெட்டது. செய்தவள் பெரிய மருமகள்தான், வருடக்கணக்காக அதைச் செய்து வருபவள். சின்னவள் மாவைத் தொட்டதுகூட இல்லை.

ஆனாலும் போன வாரம் மாமியார் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது, ஜன்னலடியில் தைத்துக்கொண்டிருந்த சின்னவளின் காதில் விழுந்தது.

"எல்லாம் அவ கால் வச்ச நேரம்."

தையல் மெஷின் அதோடு நின்றது. அன்றே அவள் புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க தங்கச்சி வரா. அவளுக்குக் கேக் செய்யப்போறாங்க. அதுவும் கெட்டுச்சுன்னா, அவ வந்து இறங்கற பஸ்லயே நான் ஏறிடுவேன். மெஷினோட."

"ஒரு கேக்குக்காகவா?"

"கேக்குக்காக இல்லங்க, பேருக்காக. ராசியில்லாதவன்னு ஊர்ல பேர் ஆயிடுச்சுன்னா எவ என்கிட்ட துணி குடுப்பா? தப்பாத் தைச்சாப் பிரிச்சுத் தைக்கலாம். பேரைப் பிரிக்க முடியுமா?"

அவளுடைய புருஷன் சந்தை சந்தையாகப் போய்த் தராசு பழுது பார்ப்பவன். ஊரில் தராசுக்காரன் என்றால்தான் தெரியும். எதையும் எடை போட்டுப் பேசுபவன் என்று பெயர். அன்று எடை போட்டு முடிக்கவே இல்லை போலும், பேசாமல் படுத்துவிட்டான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

காலையில் பெரியவள் அடுப்படி மேடையில் தராசை எடுத்து வைத்தாள். அந்த வீட்டுக் கேக்குக்கு வேறு அளவு கிடையாது. தராசின் இடது தட்டில் ஆறு முட்டையை ஓட்டோடு வைப்பார்கள். வலது தட்டில் முள் நேராக நிற்கும்வரை சர்க்கரை கொட்டுவார்கள். அதை எடுத்துவிட்டு அதே எடைக்கு வெண்ணெய். பிறகு அதே எடைக்கு மாவு.

யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான முறைதான். முட்டை பெரிதானால் சர்க்கரையும் வெண்ணெயும் மாவும் தானாகக் கூடும். சிறிதானால் தானாகக் குறையும். கோழி எந்த அளவில் இட்டாலும் பங்கு மாறாது. படிக்கல்லே தேவையில்லை, முட்டைதான் படிக்கல்.

தராசு, காலமான மாமனாரின் மளிகைக் கடையிலிருந்து வந்தது. கடையில் சாமான் இடது தட்டு, படிக்கல் வலது தட்டு. அந்தப் பழக்கத்தில்தான் அடுப்படியிலும் முட்டை இடது தட்டுக்குப் போனது. மாற்றி வைக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை. பாலுக்கு எந்தப் பாத்திரம் என்று யாராவது கேட்கிறார்களா?

"அக்கா, நான் முட்டை அடிச்சுத் தரட்டுமா?" என்று வாசற்படியில் நின்று கேட்டாள் சின்னவள்.

பெரியவள் வாயைத் திறப்பதற்குள், மூலையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த மாமியார் முந்திக்கொண்டார்.

"ரெண்டு தடவை பட்டது போதாதா? அவளை அங்கேயே நிக்கச் சொல்லு." அவர் எதைச் சொன்னாலும் பெரியவளிடம்தான் சொல்வார். மூன்று மாதத்தில் ஒருமுறைகூடச் சின்னவளை நேராகக் கூப்பிட்டதில்லை.

"நான் எதையும் மாத்தலை அத்தை," என்றாள் பெரியவள். "அதே கோழி, அதே வெண்ணெய், அதே கை. ஏன் இப்படி வருதுன்னே புரியலை."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

பெரியவளின் காது மடல் சிவந்தது. கேக் கெட்டால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று சின்னவளின் கால், இல்லாவிட்டால் தன் கை. அவள் வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைக்க ஆரம்பித்தாள், தேவைக்கு மேல் வேகமாக.

அடுப்பு கொல்லையில் இருந்தது. செங்கல்லில் கட்டியது. உள்ளே விறகை அடுக்கி எரிப்பார்கள், கல் எல்லாம் சூட்டை வாங்கிக்கொள்ளும். பிறகு தணலை வெளியே இழுத்துவிட்டுத் தரையை ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். தீயில் வேகிற கேக் இல்லை இது, கல் வாங்கி வைத்த சூட்டில் வேகிற கேக். சூடு சரியா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவை உள்ளே தூவுவாள் பெரியவள். உடனே கருகினால் சூடு அதிகம். வெள்ளையாகவே கிடந்தால் போதாது. மெல்லப் பழுப்பானால் சரி.

மாவு மெல்லப் பழுப்பானது. கேக் உள்ளே போனது. மரக்கதவு மூடியது.

வெளியே வந்தபோது கேக் நன்றாகத்தான் எழும்பியிருந்தது. தட்டில் கவிழ்த்ததும் சுருங்கியது. பெரியவள் விரலால் அமுக்கினாள். அமுங்கியது. விரலை எடுத்ததும் துள்ளிக்கொண்டு எழுந்தது. வெட்டினாள், முட்டை வாடை வந்தது.

"நல்லதாப் போச்சு," என்றார் மாமியார். "சுவத்துல எறிஞ்சு பிடிச்சு விளையாடலாம்."

பெரியவள் கத்தியைக் கீழே வைத்தாள். சின்னவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததே சின்னவளுக்குப் போதுமானதாக இருந்தது.

சந்தையிலிருந்து தராசுக்காரன் வந்தபோது, தையல் மெஷின் பழைய போர்வையில் கட்டப்பட்டு வாசலில் இருந்தது. தோள் பையை இறக்காமலே கேட்டான்.

"கெட்டுடுச்சா?"

"பாத்தாத் தெரியலையா?"

"நான் அம்மாகிட்ட பேசறேன்."

"என்னன்னு பேசுவீங்க? என் கால்ல தோஷம் இல்லன்னா? தராசுல வச்சுக் காட்டுவீங்களா?"

"சாப்பிட்டியா?" என்று கேட்டான். அந்த நேரத்தில் கேட்கக்கூடிய கேள்விகளில் மிக மோசமானது அதுதான்.

"என் கத்தரிக்கோல் உள்ளே இருக்கு. கேக் தட்டுக்குத் தாள் வெட்ட அக்கா வாங்கினாங்க. அதை எடுத்துட்டுக் கிளம்பறேன்."

அடுப்படியில் கத்தரிக்கோல் தராசுக்குப் பக்கத்தில் கிடந்தது. கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

தையல் தெரிந்தவர்களுக்கு ஒரு கண் உண்டு. பிரித்துத் தைத்த துணியை எவ்வளவு தேய்த்து மடித்துக் கொடுத்தாலும் பழைய தையல் போன தடம் தெரிந்துவிடும். ஊசி இறங்கிய இடம் ஊசியை மறக்காது.

தராசுத் தண்டின் இடது முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தன. தட்டின் கொக்கி உள் வெட்டில் தொங்கியது. ஆனால் தேய்ந்து பளபளத்தது வெளி வெட்டுதான்.

"என்னங்க, இங்க வாங்க. இது என்ன, பிரிச்சுத் தைச்ச மாதிரி இருக்கு?"

அவன் வந்து பார்த்தான். முகம் தெளிந்தது. பொண்டாட்டி கோபித்துக்கொண்டு போகிற நேரத்திலும் தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் அவனுக்கு அப்படி ஆகிவிடும்.

"அதுவா? நான்தான் சரி பண்ணேன். வலது தட்டு கனமான பித்தளை. இடது பக்கம் ஏதோ ஒரு லேசான தகரத் தட்டு தொங்கிட்டு இருந்துச்சு. அது லேசுங்கறதால நேரா நிக்கட்டும்னு கொக்கியை வெளியே தள்ளி மாட்டியிருக்காங்க. நான் சந்தையில தேடி, ஜோடிக்கு ஜோடியா பித்தளைத் தட்டு வாங்கினேன். கொக்கியை உள்ளே கொண்டுவந்தேன். இப்போ சுத்தமா இருக்கு."

"முன்னாடி நேரா நிக்கலையா?"

"காலியா இருந்தா நேராத்தான் நிக்கும். சாமான் வச்சாத்தான் பொய் சொல்லும். சீசா பலகையில விளையாடியிருக்கியா? ஒரே எடையில ரெண்டு பேர். ஒருத்தன் முன்னாடி நகந்து உக்காந்தா மேலே போயிடுவான். ஓரத்துல உக்காந்தவன் பக்கம் தாழும். எடை கூடலை, தூரம்தான் கூடுச்சு. இதுவும் அப்படித்தான். இடது தட்டு ஓரத்துல உக்காந்திருந்துச்சு. அதுல எதை வச்சாலும் கூடுதலாத்தான் காட்டும். எங்க தொழில்ல இதைச் சாமியார் தராசும்போம். காலியா இருந்தா சாமியார், சாமான் வச்சா ஆசாமி."

அவள் சிரிக்கவில்லை.

"எவ்வளவு கூடுதலா?"

"எட்டுக்கு ஒண்ணு. இடது பக்கம் எட்டு பங்கு இருந்தா, வலது பக்கம் ஒன்பது பங்கு வச்சாத்தான் முள் நேரா நிக்கும்."

"இதை எப்போ சரி பண்ணீங்க?"

"நம்ம கல்யாணத்துக்கு முந்தின வாரம். வீட்டுக்கு வெள்ளையடிச்சோமே, அப்போ…"

வாக்கியம் பாதியில் நின்றது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என் பழைய டேப் இழுத்து இழுத்து நீண்டு போயிருந்துச்சுங்க," என்றாள் நிதானமாக. "எனக்கே தெரியாது. அதுலயே அளந்து அதுலயே வெட்டினவரைக்கும் ஒரு குறையும் வரலை. ஒருநாள் புது டேப் வாங்கினேன். முன்னாடி எடுத்து வச்ச அளவை வச்சே வெட்டினேன். அத்தனை பேர் சட்டையும் இறுக்கம். டேப் சரிதான். சட்டைதான் போச்சு."

"ஆனா…"

"இந்தக் கேக் பொறந்ததே உங்க ஆசாமித் தராசுலதான். முட்டை எட்டு பங்குன்னா சர்க்கரை ஒன்பது, வெண்ணெய் ஒன்பது, மாவு ஒன்பது. அதுதான் இந்த வீட்டு ருசி. நீங்க எல்லாத்தையும் எட்டாக்கிட்டீங்க. முட்டை மட்டும் தூக்கலா நிக்குது. அதான் ரப்பராத் துள்ளுது."

அவன் தராசைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி தராசைப் பார்த்தான்.

"ஒண்ணு சரியா இருக்கறதால எப்படிக் கெடும்?" என்றான். அவன் சம்பாதிக்கிற சோறு முழுவதும் அந்த நம்பிக்கையில்தான் வெந்தது.

"தம்பி," என்று கேட்டது பின்னாலிருந்து.

பெரியவள் கதவருகே நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தேவையானதைக் கேட்டுவிட்டாள் என்று மட்டும் முகத்தில் தெரிந்தது.

"எட்டு, ஒன்பது எல்லாம் எனக்கு வேண்டாம் தம்பி. அந்தப் பழைய தட்டை மாட்டு. இருந்த மாதிரியே மாட்டு. அடுப்புல இன்னும் ஒரு கேக்குக்குச் சூடு இருக்கு."

"பரண்மேல வச்சேன் அண்ணி."

பரண்மேல் இல்லை. பெட்டிகளை நகர்த்திப் பார்த்தான், காணோம். கடைசியில் கண்டுபிடித்தது பெரியவள்தான், முட்டைக்காகக் கொல்லைக்குப் போன இடத்தில். வாத்துக் கூண்டுக்குள், சேற்றில் பாதி புதைந்து கிடந்தது தட்டு. ஒரு வாத்து அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"யார் இதை இங்க போட்டது?"

"நான்தான்," என்றார் மாமியார். பட்டாணித் தோலைக் கூட்டிக்கொண்டே சொன்னார். "பரண் சுத்தம் பண்ணேன். குப்பைன்னு தூக்கிப் போட்டேன்."

மாமியாருக்கு முட்டிவலி. அவர் பரண் ஏணியில் கால் வைத்ததை இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அதை நின்று யோசிக்க யாருக்கும் அப்போது நேரமில்லை.

தட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள். தராசுக்காரன் கொக்கியை வெளி வெட்டுக்கு மாற்றினான். காலித் தராசு ஆடி, அடங்கி, முள் நேராக நின்றது. முன்பும் நேராக நின்றது, பழுது பார்த்த பிறகும் நேராக நின்றது, இப்போதும் நேராகவே நிற்கிறது. மூன்று மாதமாக யாருக்கும் சந்தேகம் வராததில் வியப்பில்லை.

"நீ அடி," என்று பெரியவள் முட்டைப் பாத்திரத்தைச் சின்னவளிடம் நீட்டினாள்.

"அத்தை…"

"அத்தை பட்டாணி உரிக்கட்டும். நீ அடி."

சின்னவள் அடித்தாள். ஜன்னல் வழியே வாசலில் மெஷின் தெரிந்தது. அதை யாரும் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லவில்லை. அவளும் எடுக்கவில்லை.

பெரியவள் அடுப்பில் மாவைத் தூவினாள். பழுப்பாவதற்கு வெகுநேரம் பிடித்தது. ஒரு வேலை முடித்த கல், சூடு கொஞ்சம் இறங்கிவிட்டது. அதனால் கெடுதல் இல்லை. மெதுவாக வேகும், நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கேக்கை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகினாள்.

அப்போது தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

இந்த ஊர்தான் அந்த பஸ்ஸின் கடைசி நிறுத்தம். இங்கே திரும்பி, டிரைவர் ஒரு டீ குடித்ததும் கிளம்பிவிடும். நர்ஸாக வேலை பார்க்கும் நாத்தனார் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் செருப்புமாக இறங்கி வந்தாள். செருப்பு வழியிலேயே அறுந்துவிட்டதாம்.

"பெரியண்ணி, கேக் எங்கே? அம்மா, இளைச்சுட்டே. அண்ணா, நீ குண்டாயிட்டே. இது என்ன, வாசல்ல பொணம் மாதிரி எதையோ கட்டி வச்சிருக்கீங்க?"

"மெஷின்," என்றான் அண்ணன்.

"அது எதுக்கு இங்க?"

கண்டக்டர் வேலிவரைக்கும் வந்துவிட்டார்.

"மெஷினோட ஒருத்தங்க ஏறணும்னு நேத்து சொன்னீங்களேம்மா? வண்டி எடுக்கப்போறோம். தூக்கி மேல போட்டுடட்டுமா?"

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். மாமியாரும் பார்த்தார். கேக் அடுப்புக்குள் இருந்தது. நல்லதாக வருமா கெட்டதாக வருமா என்று அந்த நேரத்தில் உலகத்தில் யாருக்கும் தெரியாது. பாதி வேக்காட்டில் கதவைத் திறந்து பார்க்கவும் முடியாது. உள்ளே எழும்பிக்கொண்டிருக்கும் மாவு இன்னும் கெட்டியாகியிருக்காது. குளிர்ந்த காற்று பட்டால் நடுவில் அமுங்கிவிடும்.

"அடுப்புல கேக் இருக்கு," என்றாள் சின்னவள்.

"சரி. அதுக்கு?"

"இப்போ கதவைத் திறந்தா அமுங்கிடும்."

"எந்தக் கதவும்மா?"

"நீங்க போயிட்டு வாங்கண்ணே."

கண்டக்டர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். பஸ் கிளம்பிய புழுதி வாசலுக்கு வந்து மெஷின் போர்வைமேல் அடங்கியது. தராசுக்காரன் அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டான். அதை அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் இருமினான்.

கேக் வெளியே வந்தது. முன்னதைவிட உயரம் குறைவு. மேல்பக்கம் நல்ல பழுப்பு, நடுவில் ஒரு சின்ன வெடிப்பு. கவிழ்த்தபோது சுருங்கவில்லை. பெரியவள் விரலால் அமுக்கினாள். அமுங்கி, அவசரப்படாமல் எழுந்தது. வெட்டினாள். கத்தியில் நாலு துகள் ஒட்டிக்கொண்டு வந்தது. ரப்பரில் துகள் உதிராது.

முதல் துண்டை நாத்தனாருக்குக் கொடுக்கவில்லை. சின்னவளிடம் நீட்டினாள்.

"நான் உன்னை ஒண்ணும் சொல்லலை," என்றாள் மெதுவாக. "ஆனா சொன்னவங்களைத் தடுக்கவும் இல்லை."

"அக்கா, சூடு ஆறுது. குடுங்க."

பெரியவள் மாமியார் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து தொண்டையில் வைத்திருந்ததை எடுத்துப் போட்டாள்.

"அத்தை, நீங்க சொன்னது சரிதான். கூடம் கோணலாத்தான் இருந்துச்சு. கோணலா இருந்தவரைக்கும் ஆட்டம் நல்லா இருந்துச்சு. உங்க புள்ள நிமிர்த்தினாரு, ஆட்டம் போச்சு."

நாத்தனாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாய் நிறையக் கேக் இருந்ததால் கேட்கவும் முடியவில்லை. மாமியார் தன் துண்டைக் கையில் வைத்திருந்தார், கடிக்கவில்லை.

"அவன் எங்கே?" என்றார்.

தராசுக்காரன் அடுப்படியில் தனியாக நின்றிருந்தான். கொக்கியிலிருந்து தகரத் தட்டைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவள் அவனுக்குக் கேக் கொண்டு போனாள்.

"இங்க பாரு," என்றான். விளிம்பின் அடியில் விரலை ஓட்டினான். சேறு போன இடத்தில் நுண்ணிய கோடுகள், சுற்றிலும், ஒரே சீராக. "அரம் போட்ட தடம். அன்னைக்கு நான் கவனிக்கலை. தட்டு தொலைஞ்சு, கைக்குக் கிடைச்சதை மாட்டியிருந்தா இவ்வளவு கச்சிதமா நேரா நிக்காது. யாரோ கொஞ்சம் கொஞ்சமா அராவி, மாட்டிப் பாத்து, மறுபடி அராவி எடை சேத்திருக்காங்க. தண்டுல வெளி வெட்டும் அதே அரத்தாலதான்."

"கேக்குக்காகவா?"

"கேக்குக்கு யாரும்மா இவ்வளவு மெனக்கெடுவா?"

அவன் தட்டைத் திரும்ப மாட்டினான். கூடத்துக்கு வந்து, தங்கைக்கு எதிரே உட்கார்ந்தான். கேக்கை ஒரு கடி கடித்தான். ருசியாகத்தான் இருந்தது.

"அம்மா, கடையில சாமானை எப்பவும் இடது தட்டுலதானே வைப்பாங்க?"

மாமியார் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். அதற்குள் வாயைக் காலி செய்துவிட்ட தங்கை பேசினாள்.

"பின்னே? எப்பவும் இடதுதான். ஒருதடவை நான் சர்க்கரையை வலது தட்டுல வச்சு நிறுத்துட்டேன். அப்பா என்னை ஒருநாளும் அடிச்சதில்லையா, அன்னைக்கு அடிச்சாரு. ஏன்னு இன்னைவரைக்கும் தெரியாது. இன்னொரு துண்டு குடுங்க அண்ணி."

பெரியவள் கேக்கை வெட்டப் போனாள். தராசுக்காரன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். எட்டுப் பங்கு சாமானுக்கு ஒன்பது பங்கு காசு. சின்னவள் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரண்மேல் ஏற முடியாத ஒரு அம்மாள், மூன்று மாதத்துக்கு முன் எப்படியோ ஏறி, ஒரு தகரத் தட்டை எடுத்து வாத்துக் கூண்டில் புதைத்திருக்கிறார். கேக் ஏன் கெடுகிறது என்று முதல் நாளிலிருந்து தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மாமியார் தலையைத் தூக்கினார். இரண்டு பேர் கண்ணும் சந்தித்தன.

"ஏம்மா," என்றார் மாமியார். இந்த முறை பெரியவளிடம் இல்லை, நேராகச் சின்னவளிடம். "மழை வர்ற மாதிரி இருக்கு. மெஷின் நனைஞ்சிடும். உள்ளே எடுத்து வைம்மா."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.